தெற்கே போகும் தண்ணீர்

இர்வினின் தொப்பியைப் பார்க்கும்போதெல்லாம் ஆர்வில்லாவுக்கு எரிச்சல் வந்தது.

பிடரி மூடத் துணி தொங்கும் தொப்பி. தாடைக்குக் கீழே முடிச்சுப் போட நாடா வேறு. ஏப்ரல் வெயிலுக்கே இந்த அலங்காரம் என்றால், ஜூலையில் மனிதர் கூரையையே பிய்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவார்.

தனியாகப் போய்வருகிறேன் என்று காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் யார் பேச்சைத்தான் கேட்டார்கள்?

கால்வாய்க் கரையின் மண்பாதையில் அவள் முன்னால் நடந்தாள். அறுபத்தெட்டு வயதுக்கு வேகமான நடை. ஒரு பக்கம் பனி கரையாத மலை. மறுபக்கம் பாலைவனம், வருஷத்தில் இந்தச் சில வாரங்கள் மட்டும் அது மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துக் கிடக்கும். நடுவே சிமென்ட் பூசிய கால்வாயில் தண்ணீர் சத்தமில்லாமல் தெற்கே போய்க்கொண்டிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு.

இர்வின் ஒவ்வொரு பூவுக்கும் நின்றார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் குனிந்தார்.

"இது என்ன பூ?"

"கழுதச்செவி."

அப்படி ஒரு பூ உலகத்திலேயே கிடையாது. அடுத்ததைப் பாதிரியார்மூக்கு என்றாள். அதற்கடுத்தது மாமியார்ப்பல். மனிதர் எல்லாவற்றையும் பயபக்தியோடு திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக் கொடுத்தவராம். பிள்ளைகள் எதை வாசித்தாலும் சங்கீதம் என்று நம்பியிருப்பார்.

வழியில் பூக்களை நசுக்கிக்கொண்டு ஒருத்தி மல்லாந்து படுத்திருந்தாள். ஒருவன் பாறைமேல் ஏறி அவளைப் படம் எடுத்தான்.

"உங்க ஊர்ல கட்டில் கிடையாதா?" என்று இர்வினிடம் கேட்டாள் ஆர்வில்லா, அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி.

அவளுடைய தாத்தாவுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் இருந்தது. நகரத்திலிருந்து நல்ல சட்டை போட்டவர்கள் வந்து ஆற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். மரங்கள் நின்றபடியே காய்ந்தன. அவளுடைய அப்பா ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் குடும்பத்தோடு இந்தக் கரைக்கு வந்து, கால்வாயில் துப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். ஆர்வில்லாவுக்கு ஜெபங்கள் மறந்துவிட்டன. துப்புவது மறக்கவில்லை.

வேலி இல்லாத ஒரு இடத்தில், சிமென்ட் சரிவின் வெடிப்பில் ஒற்றைப் பூ இருந்தது. அதற்கும் பெயர் கேட்பதற்காக இர்வின் எட்டிக் குனிந்தார்.

கால் வழுக்கியது.

கத்தக்கூட இல்லை அவர். உட்கார்ந்த வாக்கில் சரிந்து போனார். ஆர்வில்லா குப்புற விழுந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். அவர் கால்கள் முழங்கால்வரை தண்ணீருக்குள் போயிருந்தன. பனி உருகி வந்த தண்ணீர். உள்ளே போனவர்களை சிமென்ட் சரிவின் வழவழப்பு திரும்ப ஏற விடாது. பொத்தான் ஒன்று தெறித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, அவர் உள்ளங்கைகளை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து மேலே வந்தார்.

"இப்படியே மெதந்து வீட்டுக்குப் போயிரலாம்னு பாத்தீங்களா?"

குரல் வழக்கம்போல்தான் இருந்தது. காலரைப் பிடித்த விரல்கள்தான் விரிய மறுத்தன.

தொப்பி தெற்கே போய்க்கொண்டிருந்தது. அந்த வரைக்கும் லாபம்.

கால்வாய்க் காவல் வண்டி தூசியோடு வந்து நின்றது. அதை ஓட்டிவந்த ரோலண்டுக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். நகரத்தைத் திட்டி அவள் வேலியில் கட்டும் அட்டைகளைக் கழற்றுவதும் அவன் வேலையில் சேர்த்தி.

"என்னங்க ஆர்வில்லா, கடைசில ஒருத்தரத் தள்ளியே விட்டுட்டீங்களா? யாரு, பூ பாக்க வந்தவரா?"

"என் புருஷன்," என்றாள். "செவ்வாக்கெழம கல்யாணம் ஆச்சு."

ரோலண்ட் ஈரக் கால்களோடு நின்ற மனிதரை ஏற இறங்கப் பார்த்தான். எந்த ஊர் என்று கேட்டான். இர்வின் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் ஊரைச் சொன்னார். ரோலண்ட் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தான்.

"நல்லாச் சிரி. நாளைக்கு நானும் அங்கதான் குடிபோறேன். இவரு அம்மாவுக்குத் தொண்ணூத்தி நாலு வயசு. அந்தக் கெழவி ஊர விட்டு நகர மாட்டாளாம்."

ரோலண்டின் சிரிப்பு நின்றது. தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆர்வில்லா கரையில் மண்டியிட்டு இர்வினின் ஷூவைக் கழற்றினாள். காலுறைகளை உருவி முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் இந்தப் பக்கத்து மண்ணில் விழுந்து உடனே காணாமல் போயிற்று. அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

"உங்க வீட்டுக் கொழாத் தண்ணி எப்படி இருக்கும்?" என்று நிமிராமல் கேட்டாள்.

இர்வின் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"கொஞ்சம் மருந்து வாசன அடிக்கும்."

"இங்கேர்ந்து நல்லாத்தான அனுப்புறோம்," என்றாள் ஆர்வில்லா.