மஞ்சள் விழாத வரிகள்

காணாமல்போன கணவனைப் பற்றிச் செங்கமலம் சொன்ன அடையாளங்களை ஏட்டு ராயப்பன் கணினியில் ஒவ்வொன்றாகத் தட்டினார்: வெள்ளைச் சட்டை, நீலக் கைலி, நெற்றியோரம் நரை. அடையாளம் தெரியாத பிணங்களின் பட்டியலிலிருந்து பதினேழு பேர் திரையில் வந்து நின்றார்கள். பொருந்திய சொற்களின் மேல் மட்டும் மஞ்சள் பூசியிருந்தது. ஒருவருக்குச் சட்டை, இன்னொருவருக்குக் கைலி, வேறொருவருக்கு நரை. அவள் வீட்டுக்காரரைப் பிய்த்துப் பதினேழு பேருக்கும் பங்கு போட்டதுபோல் இருந்தது.

"இதுல எதும்மா உன் ஆளு?" நான்காவது முறையாகக் கேட்டார் ஏட்டு. மஞ்சளைத் தாண்டி அவர் கண் நகரவே இல்லை.

"வெள்ளைச் சட்டை ஊர்ல பாதிப் பேரு போடுறாங்க. மஞ்சள் இல்லாததையும் வாய்விட்டுப் படிங்கய்யா!"

"அத்தனையுமா? எனக்கு வேற பொழப்பு இல்ல?"

"நாலு நாளா நடக்க விட்டீங்களே, அந்த நேரத்துக்கு ரெண்டு தடவ படிச்சிருக்கலாம்."

அலுத்துக்கொண்டே ஆரம்பித்தார். முதல் ஆள் கிழவர். இரண்டாமவருக்கு முன்பற்கள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்றாள் வெடுக்கென. ஒன்பதாவது, கால்வாயில் எடுத்த உடல்.

"வெள்ளைச் சட்டை. கடைசிப் பொத்தான் சிவப்பு நூலால் தைக்கப்பட்டுள்ளது."

கணவர் கிளம்பிய அன்று அவள் பொத்தான் தைக்கையில் வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்திருந்தது.

ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா, இதுவா?"

"இல்ல" என்றாள் செங்கமலம். "அடுத்ததப் படிங்க."