தகரக் கட்டுக்கு அடியில்

மழைக்கு இன்னும் நாற்பது நிமிடம் என்றது கைபேசி.

அவள் ட்ரோன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

தெற்கு இங்கிலாந்தின் அந்தக் குன்று, வறுத்த ரவை நிறத்தில் காய்ந்து கிடந்தது. ஏழு வாரமாக ஒரு சொட்டு மழை கிடையாது.

அந்த வறட்சியில்தான் எல்லாம் மேலே வந்திருந்தது.

சரிவு முழுக்கப் பச்சைக் கோட்டில் வரைந்த சின்னச் சின்னச் சதுரங்கள். ஒரு ஜோடி மாடு ஒரே நாளில் உழுது முடிக்கிற அளவு வயல்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. வயலைப் பிரித்த பள்ளங்கள் எப்போதோ தூர்ந்துவிட்டன. தூர்ந்த மண்ணில் மட்டும் ஈரம் தங்கும். ஈரம் தங்கிய இடத்தில் புல் பச்சையாக நிற்கும்.

மழை வந்தால் குன்று முழுக்கப் பச்சையாகிவிடும். அப்புறம் யாருக்கும் எதுவும் தெரியாது.

சதுரங்களுக்கு நடுவே ஒரு வட்டம்.

வீடு!

போன வருடமும் அவள் அப்படித்தான் சொன்னாள்.

இதே பண்ணை. கீழ்வயலில் ஒரு வட்டம். பழங்கால வீடு என்று தொல்லியல் அறிக்கையே எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பண்ணைக்காரி திருமதி பென்ஃபோல்ட், டிராக்டரில் ஓர் இரும்பு வளையத்தைத் தூக்கி வந்தாள். மாடுகள் சுற்றி நின்று வைக்கோல் தின்கிற வளையம். வட்டத்தின் மேல் இறக்கினாள்.

கச்சிதமாக உட்கார்ந்தது.

புல்லைச் செழிக்க வைத்தது சாணம். ஊர் மதுக்கடையில் அந்தக் கதைக்கு இன்னும் சிரிப்பு குறையவில்லை.

நாளைக் காலை இந்த மேட்டில் கொட்டகைக்கு அஸ்திவாரம் தோண்ட இயந்திரம் வருகிறது. வெறும் வயல் கோடுகள் என்றால் வேலை நிற்காது. வீடு என்றால் கொட்டகை தள்ளிப் போக வேண்டும். எதுவென்று மாலைக்குள் அவள் சொல்லியாக வேண்டும். தோண்டிப் பார்க்க அனுமதியும் இல்லை, நேரமும் இல்லை.

"என் மக குதிரைக்குட்டி பழக்கின இடம்மா அது" என்றாள் பென்ஃபோல்ட், டிராக்டர் படியில் உட்கார்ந்தபடி. "நடுவுல நின்னு கயித்தப் பிடிச்சுக்கிட்டு, சுத்திச் சுத்தி ஓடவிடுவா. நாலு வருஷம். லத்தி கொஞ்சமாவா விழுந்திருக்கும்?"

ட்ரோன் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் தாணு, அவளிடம் தமிழில் முணுமுணுத்தான். "ஏட்டி, இதுவும் மாட்டுக் கதைதான்னா நாம ஊர மாத்திருவோம்."

குறுக்கே நடந்தால் பன்னிரண்டு எட்டு. வீட்டுக்கும் பொருந்துகிற அளவு. குதிரைக் கயிற்றுக்கும் பொருந்துகிற அளவு.

ஒரே ஒரு வித்தியாசம்தான் உண்டு. குதிரை வட்டத்தை முழுசாக ஓடும். வீட்டைச் சுற்றி மழைநீர் வடியப் பள்ளம் வெட்டுகிறவன், வாசலில் மட்டும் வெட்டமாட்டான்.

வாசல் எங்கே இருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். அந்தக் கால வீடுகள் பெரும்பாலும் கிழக்கோ தென்கிழக்கோ, விடியலைப் பார்த்தே நின்றன.

வட்டத்தின் தென்கிழக்கில், கோட்டை மூடியபடி, நேற்று மாலை வந்து இறங்கிய தகரக் கட்டு. கொட்டகைக் கூரைக்கு.

அவள் பென்ஃபோல்டைப் பார்த்தாள். "அதைக் கொஞ்சம் தூக்க முடியுமா?"

பென்ஃபோல்ட் வானத்தைப் பார்த்தாள். மேற்கில் மேகம் கறுத்து நின்றது.

"நீ தோத்தேன்னா, அந்த மாட்டு வளையத்துல உன் பேர பெயின்ட்ல எழுதி வெப்பேன். சம்மதமா?"

அவள் தலையாட்டினாள்.

டிராக்டர் உறுமியது. இரும்புக் கொம்புகள் தகரத்துக்கு அடியில் நுழைந்தன. கட்டு அசைந்தது. எழும்பியது. மெல்ல மேற்கே நகர்ந்தது.

திரையில் பச்சைக் கோடு வளைந்து வந்தது.

வந்தது.

இன்னும் வந்தது.

நின்றது!

மூன்று எட்டுக்குக் காய்ந்த புல். அதற்கப்பால் கோடு மறுபடியும் தொடங்கியது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

"கெழக்கு பாத்த வாசல்!" தாணு கத்தினான். "நம்ம ஊரு கொத்தனாரு கெட்டுன மாதிரில்லா இருக்கு!"

அவள் திரையை விட்டு ஓடினாள். அந்த மூன்று எட்டு இடைவெளியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காய்ந்த புல் உள்ளங்கையில் குத்தியது. அந்தக் குத்தலும் சுகமாக இருந்தது.

தகரத்தை வட்டத்துக்கு மேற்கே இறக்கிவிட்டு, டிராக்டரை அங்கேயே நிறுத்திவிட்டு வந்தாள் பென்ஃபோல்ட். பச்சைக் கோட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டி நடுவில் போய் நின்றாள். அவள் மகள் கயிற்றோடு நின்ற இடம்.

சுற்றிலும் பார்த்தாள். வெகு நேரம்.

"அப்போ என் பொண்ணு, இவங்க வீட்டுக்குள்ள நின்னுதான் குதிரை ஓட்டியிருக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். போன வருடத்துச் சிரிப்பு மாதிரி இல்லை.

முதல் துளி திரையில் விழுந்தது. தாணு அவசரமாக ட்ரோனை இறக்கினான். அதற்குள் படங்கள் எல்லாம் சேர்ந்திருந்தன.

மழை பிடித்துக்கொண்டது.

பென்ஃபோல்ட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு டிராக்டரை நோக்கி ஓடினாள். மேற்கே, ஆறே எட்டு.

பச்சைக் கோட்டருகே வந்ததும் நின்றாள்.

திரும்பினாள்.

வட்டத்தைக் குறுக்கே கடந்து, அவள் உட்கார்ந்திருந்த இடைவெளிக்கு வந்தாள்.

"கொஞ்சம் வழி விடும்மா."

அவள் எழுந்து ஒதுங்கி நின்றாள்.

பென்ஃபோல்ட் அந்த வாசல் வழியாக வெளியே போனாள். வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, நனைந்தபடி டிராக்டருக்கு நடந்தாள்.