சுரைக்காய்க்குக் காவல்

விதைக்கென்று விட்டிருந்த காய் ஒன்றுதான் கொடியில் மிச்சம். பக்கத்து வீட்டுச் செங்கமலம் அக்கா நட்டுவைத்த சோளக்கொல்லைப் பொம்மையின் தோளில் சொகுசாக உட்கார்ந்துதான் மற்ற சுரைக்காய்களை எல்லாம் ஒரு குரங்கு தின்று தீர்த்தது. இன்று பொம்மையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதன் சட்டையை மாட்டிக்கொண்டு, அதன் கைக்குள் கம்பை மறைத்து அக்காவே நின்றாள். குரங்கு வந்தது. வழக்கம்போலத் தோளில் ஏறியது. நிஜ முடியைக் கண்டதும் விலக்கி விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கிவிட்டது.

“அடிங்கக்கா!” என்று மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கிசுகிசுத்தேன்.

“சும்மா இருடி. பேன் பாக்குற வரைக்கும் இது காயத் தொடாதுல்ல?”

“காய் முத்த இன்னும் நாளாகுமேக்கா!”

கம்பு நழுவிக் கீழே விழுந்தது. அக்கா குனியவில்லை.

“மத்தியானச் சோத்த இங்கயே கொண்டாந்து ஊட்டிவிடு.”