நகராட்சிக் குளவிகள்

“அந்தப் பழைய பேப்பரைக் கொடு. இன்னிக்கு இதுங்களை விடறதா இல்லை,” என்றார் வல்கோ.

வீட்டு முகப்புக் கூரைக்கு அடியில் குளவிகள் கட்டியிருந்த கூட்டை, சுருட்டிய செய்தித்தாளில் தீ வைத்து எரித்தார். ஒவ்வொரு கோடையிலும் செய்வதுதான். விழுந்ததைச் செருப்பால் தேய்த்துவிட்டு, தயிர் சூப்பில் வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கிப் போடும்படி மனைவி நெஷ்காவிடம் சொன்னார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு, காளான் பறிக்கக் காட்டுப் பாதையில் ஏறினார்.

சாயங்காலம் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள்.

ரொதோப்பி மலை அழகானது, ஆனால் இரக்கமற்றது என்று நகராட்சியின் இரங்கல் கடிதம் சொன்னது. அடியில் துணை மேயர் ஹின்கோவின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தன.

மறு வருடம் ஆகஸ்டில் அதே பாதைக்குத் திறப்பு விழா. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் மரப்பாலங்களோடு சேர்த்துப் புதுப்பித்த பாதை என்பதால், பார்வையிடத் தலைநகர் சோஃபியாவிலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பாதை தொடங்கும் இடத்தில் நின்ற பழைய வரைபடப் பலகையைப் பிடுங்க, நகராட்சி ஊழியன் டோஞ்சோ கடப்பாரையோடு வந்தான். பலகைக்கு முன்னால் நெஷ்கா நின்றிருந்தாள்.

“தள்ளி நில்லுங்க அக்கா. பின்னாடி குளவிக்கூடு இருக்காமே. மருந்தடிச்சுட்டுப் பலகையைப் பிடுங்கணும். மேலிடத்து உத்தரவு.”

“மேலிடத்தை வரச் சொல்லு.”

டோஞ்சோ அவளோடு வாதாடுகிறவன் இல்லை. அவள் மரங்களில் ஒட்டிய வல்கோவின் அஞ்சலித் தாள்களைக் குளிர்காலத்தில் கிழித்தவன் அவன்தான். அதுவும் உத்தரவுதான். அதிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை.

மருந்துக் குப்பியோடு பலகைக்குப் பின்னால் போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். குப்பியைத் தரையில் வைத்தான். கூடு ரொம்பப் பெரிது, தன்னால் ஆகாது என்று ஹின்கோவுக்குப் போன் செய்தான்.

ஹின்கோவ் காரை விட்டு இறங்கி, பலகையிலிருந்து பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். சோஃபியா அதிகாரியைக் குளவி கொட்டினால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். பலகை போயே ஆக வேண்டும் என்றார்.

“எங்க வீட்டுக்காரருக்குக் குளவின்னா உயிர், சார்,” என்றாள் நெஷ்கா. “ஒரு கூட்டைக்கூடத் தொட விட மாட்டார். அவர் கடைசியா நடந்த பாதையில இந்த ஒண்ணாவது இருக்கட்டும்.”

டோஞ்சோ தலையைத் தூக்கினான். வல்கோ ஒரு கோடையில் கூட்டை எரிக்கப் போய்த் தன் விறகுக் கொட்டகையையே எரித்துவிட்டதும், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்ததும் அவனுக்குத் தெரியும். மருந்துக் குப்பியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

ஹின்கோவ் யோசித்தார். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. பாதையோரம் ஓர் உயிரினத்தைக் காப்பாற்றி வருவதாகத் திட்ட அறிக்கையில் எழுதி, ஓர் ஆமையின் படத்தையும் ஒட்டியிருந்தார்கள். அந்த ஆமை நாலு வருடமாக யார் கண்ணிலும் படவில்லை. சனிக்கிழமை விழாவில் அதிகாரி ஆமை எங்கே என்று கேட்பார்.

“இது கொட்டுமா?” என்றார்.

“நாம சீண்டாத வரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கும் சார். உங்க ஆபீஸ் மாதிரிதான்.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. “அரிய வகையா?”

“கிட்டப் போய்ப் பார்த்து நீங்களே சொல்லுங்களேன்.”

“வேண்டாம்,” என்றார் ஹின்கோவ். “அரிய வகைதான்.”

சனிக்கிழமைக்குள் புதுப் பலகை பக்கத்தில் எழுந்தது. பழைய பலகையைச் சுற்றி டோஞ்சோ இரும்புக் கம்பங்கள் நட்டுச் சங்கிலி கட்டினான். ஒரு நாள் விழாவுக்குக் கம்பம் நடச் சொன்னால், அவன் சிமென்ட் போட்டே நட்டிருந்தான். கூட்டையோ பலகையையோ அகற்றினால் அபராதம் என்ற அறிவிப்பும் வந்தது. அதிலும் ஹின்கோவின் கையெழுத்து.

ஊர் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் நீட்டி அதிகாரியை வரவேற்றார்கள். சின்னஞ்சிறு குளவிக்காகவும் துடித்த இதயம் என்று ஹின்கோவ் வல்கோவைப் பற்றி மேடையில் உருகினார். அறிக்கையில் ‘ஆமை’ என்ற சொல்லை அடித்துவிட்டு அதிகாரி ‘குளவி’ என்று எழுதிக்கொண்டார். சங்கிலிக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று படம் எடுத்தார். ரிப்பன் வெட்டப்பட்டது. ஆனால் பாதையில் யாரும் ஏறவில்லை. கீழே சத்திரத்தில் முழு ஆட்டைத் தீயில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், ஆறிப் போனால் நன்றாக இருக்காது.

மேலே ஏறிப் போய்த் திரும்பி இறங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பலகையின் பின்பக்கம் தெரியும். கூட்டுக்குக் கீழே, குளவிகள் குளிரில் மரத்துக் கிடந்த ஒரு விடியற்காலையில் நெஷ்கா இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு ஒட்டிய தாள் இருக்கிறது. அதில் வல்கோவின் படம், ‘ஓராண்டு’ என்ற தலைப்பு, அதன் அடியில் ஒரே வரி: ‘மூன்றாவது பாலம் புதுப்பிக்கப்பட்டதாகத் துணை மேயர் ஹின்கோவ் கையெழுத்திட்ட பதினோராம் நாள், அதன் மிதிபலகை முறிந்து கீழே விழுந்து இறந்தார்.’

பாலத்தில் அந்தப் பலகை இன்னும் போடப்படவில்லை.