நல்லி எலும்பு

"நல்லியா பாத்து ரெண்டு போடுக்கா."

பேச்சிராஜ் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகமெல்லாம் பல்.

சந்தனமாரி கரண்டியை அண்டாவுக்குள் விட்டாள். ஓர் எலும்பு தட்டுப்பட்டது. ஒதுக்கினாள். இன்னொன்று தட்டுப்பட்டது. அதையும் ஒதுக்கினாள். வெறும் துண்டுகளாகத் தேடி அள்ளித் தம்பியின் தட்டில் போட்டாள்.

அவன் முகம் சுண்டிப்போனது.

"கூடப்பொறந்தவனுக்கே எலும்பு இல்லியாக்கா?"

வரிசையில் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான். பாவம், இன்றைக்கு எங்க அக்கா கையால் ஆட்டுக்கறி என்று காலையிலிருந்து கம்பெனி லைன் முழுக்கத் தம்பட்டம் அடித்து, ஆளைச் சேர்த்துக்கொண்டு வந்தவன்.

ஆடாவது கறியாவது. அண்டாவில் கிடந்தது சோயா.

அவள் படித்ததே அதுதான். தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவர உணவுத் தொழில்நுட்பம் என்று புதிதாக ஒரு டிப்ளமோ தொடங்கியிருந்தார்கள். வானமாமலை சார் வகுப்புக்கு வகுப்பு அடித்துச் சொல்வார்: ஆடு மாடு வளர்க்கிற நிலத்திலும் தண்ணீரிலும் பயறு விளைத்தால் ஊரே வயிறாரச் சாப்பிடலாம், வருங்காலத்துச் சாப்பாடு இதுதான், வேலை உங்களைத் தேடி வரும். சார் பொய் சொல்கிற ஆள் இல்லை. அந்த வேலைதான் எங்கேயோ வழி தெரியாமல் நின்றுவிட்டது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் செல்போன் கம்பெனி லைனுக்குப் போய்விட்டார்கள்.

"கறி இல்லாத கொழம்புக்கு ஒரு படிப்பா" என்று தம்பியே கேலி செய்தான்.

அந்த நேரத்தில்தான் தம்பி வேலை பார்க்கும் ஒரகடத்துக் கம்பெனியின் கேன்டீன் காண்ட்ராக்டர் கோதண்டராமன் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு நாள் சமைத்துக் காட்ட வேண்டும். தேறினால் அவளுக்கு வேலை, அவளோடு படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்கும் வேலை.

"சோயான்னு எழுதினா ஒருத்தனும் தொடமாட்டாம்மா. இன்னிக்கு போர்டுல ஆட்டுக்கறின்னு போட்டுக்கலாம். துன்னுட்டு நல்லா கீதுன்னு சொல்லட்டும். அடுத்த வாரம் உன் கையாலயே சோயான்னு எழுதிக்கோ."

அதில்தான் அவள் விழுந்தாள். தின்றவன் வாயாலேயே ருசி என்று சொல்லவைத்துவிட்டு, பிறகு போர்டை மாற்றி எழுதி, தம்பியின் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அந்த ஆசையில் விடிவதற்கு முன்பே எழுந்தாள். சோயாவைக் கொதிநீரில் ஊறப்போட்டுப் பச்சை வாடை போகும்வரை பிழிந்தாள். கத்தி வைக்காமல் நார் நாராக வரும்படி கையாலேயே பிய்த்தாள். கறிமசாலா பிரட்டி, எண்ணெயில் சுருள வதக்கினாள்.

அண்டாவை இறக்கும் நேரத்தில் கோதண்டராமன் ஒரு பை நிறைய எலும்பைக் கொண்டுவந்து கொட்டினார். எலும்பு இல்லாவிட்டால் கறி என்று எவன் நம்புவான் என்றார். சரி, ஒரு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் பந்தி வழித்துத் தின்றது. மறுசோறு வாங்காதவன் இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு கை கழுவப் பின்பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

தட்டு கழுவும் இடத்தில் ஒரு வாளி இருந்தது. எலும்பை இதில் போடவும் என்று மேலே எழுதி ஒட்டியிருந்தார்கள். நல்ல சுத்தமான கேன்டீன் என்று காலையில் அவளே மெச்சிக்கொண்ட வாளி. தட்டு கழுவுகிற மண்ணூர் செல்லம்மாள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வாளியிலிருந்த எலும்புகளைச் சுடுதண்ணீரில் அலசி ஒரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பந்திக்கும்மா. எப்பவும் இப்படித்தான்" என்றாள், தலை நிமிராமல்.

கூடையைத் தூக்கிப் போய் அண்டாவில் கவிழ்த்தாள்.

கோதண்டராமன் பக்கத்திலேயே பல் குத்திக்கொண்டு நின்றார். போர்டு என்று இவள் வாயைத் திறந்ததுமே சிரித்துவிட்டார்.

"போர்டை எதுக்கு மாத்தினு? எலும்பு கீற வரைக்கும் அது கறிதாம்மா. திங்கக்கெழம வந்து சேந்துக்கோ. உன்னோட படிச்ச புள்ளைங்க நாலு பேரையும் கூட்டினு வா."

பிழிந்து பிழிந்து தோல் வெளுத்துப்போயிருந்த தன் விரல்களைச் சந்தனமாரி பார்த்தாள். அதற்குள் இரண்டாம் பந்திக்கு மணி அடித்துவிட்டது. பேச்சிராஜ் முதல் ஆளாக ஓடிவந்து தட்டை நீட்டினான்.

இப்போது தம்பி எலும்பில்லாத தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான். அடுத்து நின்றவன் மாசானம். தம்பியோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிற சிநேகிதன், அவர்கள் ஊர்ப் பையன்.

"எனக்காவது ஒண்ணு போடுங்கக்கா."

கோதண்டராமன் கதவோரம் வந்து நின்றிருந்தார். நாலு பேருக்கு வேலை, என்று நினைத்தாள். கரண்டியில் பெரிய நல்லி ஒன்று தானாக ஏறிவந்தது. மாசானத்தின் தட்டில் அதைப் போட்டாள். போடும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தம்பி தப்பித்தான், அதுவரைக்கும் போதும் என்றுதான் அவள் மனசு சொன்னது. அப்படிச் சொன்னதற்கு வெட்கமாகவும் இருந்தது.

மாசானம் மேசைக்குப் போனான். பேச்சிராஜ் உம்மென்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். மாசானம் அவன் தட்டைப் பார்த்தான். பிறகு தன் தட்டிலிருந்த நல்லியை எடுத்து அதில் வைத்தான்.

பேச்சிராஜ் அங்கிருந்தே எலும்பைத் தூக்கி அக்காவுக்குக் காட்டினான். முகமெல்லாம் மறுபடியும் பல்.

வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினான். சாப்பிட்டு எழுந்ததும், மறக்காமல் அதைக் கொண்டுபோய் வாளியில் போட்டான்.