சுவர்ப் பக்கம்

இணையத்தில் நடந்த விரைவுச் சதுரங்கப் போட்டியில் பதினொரு வயது ஜெசிந்தா தன் ராணியைப் பலிகொடுத்து, அடுத்த நான்கு நகர்த்தல்களில் எதிராளியின் ராஜாவை மூலையில் மடக்கினாள். திரையில் பாராட்டுகள் ஓடின. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நடுவர் அழைத்து, கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வீட்டில் இருந்ததே அந்த ஓர் அறைதான்.

“கட்டில்ல யாரும்மா?”

“அம்மா சார்.”

“தனியா இருக்கணும்னு சொன்னோமே. வெளிய போகச் சொல்லு.”

“எட்டு மாசமா கை கால் வராது சார். பேச்சும் வராது.”

நடுவர் திரையில் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“கண்ணு உன் ஸ்கிரீனைத்தானே பார்க்குது? யாரோ உனக்குச் சொல்லிக்கொடுக்கிறாங்கன்னு புகார் வந்திருக்கும்மா. அந்தப் பக்கமா திருப்பிப் படுக்க வெச்சுடு. ரிசல்ட்டை உறுதி பண்ணிடுறேன்.”

ஜெசிந்தா அம்மாவின் தோளுக்கடியில் கைகொடுத்து, சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்தாள்.

“நன்றிம்மா. ஜெயிச்சது நீதான்,” என்றார் நடுவர்.

உடனே அடுத்த ஆட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அவளுக்கு வெள்ளைக் காய்கள். பின்னாலிருந்து, தொண்டையில் எதுவோ சிக்கியதுபோல் ஒரு சத்தம் வந்தது. கேமரா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா திரும்பாமல் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே நகர்த்தினாள்.