பங்களா முத்திரை

போஸ்ட் மாஸ்டர் துரைராசா முத்திரையை விழுங்கிவிட்டார் என்றுதான் நோர்வூட் கடைத்தெருவில் பேச்சு.

முத்திரை சோலைமலையுடையது. தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் இருபது வருடமாகக் காவல் பார்க்கிறவர். தோட்டம் கம்பெனிக்குக் கைமாறியபோது, குப்பைக்குப் போன வெள்ளைக்காரப் புத்தகம் ஒன்றை அடுப்பு மூட்ட எடுத்து வந்தார். நாலு வருடம் பரணில் கிடந்ததைக் கிழிக்கப் போனால், நடுவே நகத்தளவில் ஓர் அமெரிக்க முத்திரை. ஒட்டாமல், பசையோடு.

துரைராசா யாழ்ப்பாணத்துக்காரர். முத்திரை சேர்ப்பதில் பைத்தியம். சோலைமலை கொண்டுபோய்க் கொடுத்ததை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். பிறகு லென்ஸை அவரிடமே நீட்டினார்.

"ஊசியாலை குத்தினமாதிரி ஒரு சின்னக் கட்டம் தெரியுதோ?"

"தெரியுதுங்க. பழுதுங்களா?"

"அதுதான் விலையே."

பாவித்த முத்திரையின் மையைக் கழுவிவிட்டு மறுபடி ஒட்டி ஏமாற்றுகிறார்கள் என்று, நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் தாளை இப்படிப் புள்ளி புள்ளியாக அமுக்கினார்களாம். மை உள்ளே இறங்கிவிடுமாம். கட்டத்தின் அளவைப் பொறுத்துச் சில முத்திரை சில்லறைக்குப் போகும், சில முத்திரை லட்சக்கணக்கில். கொழும்பில் ஒருவர் அளந்து சொல்லுவார், வைத்துவிட்டுப் போங்கோ என்றார்.

சோலைமலை வைக்கவில்லை. தீப்பெட்டிக்குள் போட்டு மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்.

மனைவி வீரம்மாவுக்கு லட்சம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. கினிகத்தேனைப் பக்கம் பத்து பேர்ச் காணி விலைக்கு இருந்தது. மாதக் கடைசிவரை பொறுக்கிறேன் என்றிருந்தான் காணிக்காரன். மூன்று தலைமுறையாகத் தொழிலாளர் லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் முடங்கிய குடும்பம். இல்லாத வீட்டுக்கு அடுப்படி வாசல் எந்தப் பக்கம் என்று அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

"நல்லத வச்சிக்கிட்டு வேறத குடுத்துட்டா என்னா மாமா பண்ணுவீங்க?" என்றான் பக்கத்துக் காம்பரா மூக்கன். அதற்கு ஒரு வழியும் அவனே சொன்னான்.

அதைச் செய்த பிறகுதான் மறுநாள் தீப்பெட்டி துரைராசா கைக்குப் போனது.

துரைராசா கொழும்புக்குப் போனார், வந்தார். கேட்டால், "பதில் வரேல்லை, நாளைக்கு வாங்கோ" என்பார். தலையை நிமிர்த்த மாட்டார்.

சோலைமலைக்குச் சோறு இறங்கவில்லை. பங்களா கேட்டைப் பூட்டினோமா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பார். நாலாவது தடவை தபால் கந்தோர் வாசலில் நிற்பார்.

முத்திரையோ ஊர் வாயில் நிற்காமல் வளர்ந்தது. காலையில் லட்சமாக இருந்தது, கொழுந்து நிறுக்கும்போது கோடியானது. மாலைக்குள் அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து ஹட்டனில் அறை எடுத்து, குளிர் தாங்காமல் மூன்று கம்பளி கேட்டுவிட்டான்.

போதாததற்குத் துரைராசா கையில் புதுக் குடை.

"பாத்துக்குங்க மாமா. கொடையில ஆரம்பிச்சிருக்காரு" என்றான் மூக்கன்.

ஒன்பதாம் நாள் கவுண்டரில் தீப்பெட்டியை வைத்தார் துரைராசா.

"சாதாரண முத்திரைதான். நூறு ரூபாயும் தேறாது."

சோலைமலை முத்திரையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக முகம் தெளிந்தது.

"நம்மளுதுதாங்க. மாத்தலீங்க."

பின்பக்கம் முழுக்க, போல்பொயின்ற் பேனையால் 417. தோட்டத்துப் பதிவில் அவருடைய செக்ரோல் நம்பர். கம்பளி, கவ்வாத்துக் கத்தி, சாப்பாட்டுத் தூக்கு என்று எல்லாவற்றிலும் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறார். லயத்தில் ஒரு பொருள் யாருடையது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை கூப்பிடுவதும் அந்த நம்பரைத்தான். அழிந்துவிடக் கூடாதென்று மூன்று தடவை மேல்மேலே அழுத்தி எழுதியிருந்தார்.

"நம்பர் போட்டது நல்லதாப் போச்சுங்க. இல்லாட்டி காலம் பூரா ஐயாவ சந்தேகப்பட்டிருப்பேன். மனசுல வச்சிக்காதீங்க."

"கெட்டிக்காரன்தான்" என்றார் துரைராசா.

"காணிக்கு நமக்குக் குடுப்பின இல்ல. வீரம்மாகிட்ட சொல்லிக்கிறேங்க."

ஒன்பது நாளைக்குப் பிறகு முதல்முறையாக, அவசரமில்லாமல் படியிறங்கிப் போனார்.

கந்தோருக்குப் பின்னால்தான் துரைராசாவின் வீடு. உள்ளே மனைவி புனிதவதி கொழும்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கட்டம் அசல், கிடைக்கிறது அருமை, லட்சக்கணக்கிலை போயிருக்கும் எண்டெல்லோ எழுதியிருக்கு. பேனை அழுத்தினதிலை புள்ளியெல்லாம் நசிஞ்சு, தாளும் வெடிச்சுப்போச்சு, இனி விலையில்லை எண்டு. நம்பரைக் கண்டும், ஏதும் வழி இருக்குமெண்டுதானே நாலு ஆமி செக் பொயின்ற்றிலை இறங்கி ஏறிப் போனியள்? இதைக் காட்டியிருந்தா ஊர் வாய் மூடியிருக்கும். அந்தாள் என்ன சொன்னாலும், நாளைக்கும் உங்களைக் கள்ளன் எண்டுதான் சொல்லப் போகினம்."

துரைராசா கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கிழித்தார்.

"சொல்லட்டும். விடிஞ்சா பெரட்டிலை நானூற்றுப் பதினேழு எண்டு கூப்பிடுவினம். அந்தாள் நிமிர்ந்து நிண்டு 'இருக்கேன்' எண்டு சொல்ல வேணுமெல்லே."